மூன்றாம் நம்பர் ரோலர்

அத்தியாயம் 11

போன அத்தியாயத்தில், பொகவந்தலாவை பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில் டிலுக்ஷியை அழ விட்டுவிட்டு வந்தோம். அழுகை அன்றைக்கே நின்றுவிட்டது. கோபம்தான் எட்டு நாளாகியும் இறங்கவில்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? அவள் கண் சிவக்க உட்கார்ந்து செய்த பீட்டை, கொழும்பில் மிலான் என்று ஒருத்தன் தன் பாட்டுக்குப் போட்டு யூடியூப்பில் விட்டுவிட்டான். இரண்டு இலட்சம் பேர் கேட்டாயிற்று. பாட்டுக்குக் கீழே யார் யார் பெயரோ இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில், ஆறாம் லயத்து வரிசை வீட்டு டிலுக்ஷியின் பெயர் மட்டும் இல்லை.

பீட் என்றால் என்னவென்று கேட்டு எழுதியிருந்த வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. ரெப் பாடுகிறவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிறான் அல்லவா, அவனுக்குப் பின்னால் நம் தலையை ஆட்ட வைக்கிற தாளமும் இசையும்தான் பீட். அதைச் செய்தவர் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. பந்தியில் யாரும் அவரைத் தேடமாட்டார்கள்.

இத்தனைக்கும் டிலுக்ஷி கவனமில்லாத பெண் இல்லை. பாட்டுத் திருடர்களுக்குப் பயந்தே இருபத்திரண்டு வயது வரை ஒரு பீட்டைக்கூட இணையத்தில் போடாதவள். வீட்டில் இருக்கும் பழைய லெப்டொப் எப்போது கண்ணை மூடும் என்று தெரியாது. அதனால் செய்ததையெல்லாம், தான் வேலை பார்க்கும் ஹலீம் நானாவின் கொமியுனிகேஷன் கடைக் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்திருந்தாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று அந்தப் போல்டருக்கு ‘தவக்காலப் பாடல்கள்’ என்று பெயர் வைத்தாள். கோயில் பாட்டுக்குள் வந்து எவன் ஹிப்ஹொப் தேடப் போகிறான்?

அந்த பீட் வேறு ஒரே ஒரு ஆளின் போனில் இருந்தது. தம்பி ஜெரோஷன். கொழும்பில் துணிக்கடை வேலை. ஜனவரி லீவில் வந்தபோது கெஞ்சி வாங்கிக்கொண்டு போனான். ஆகவே எட்டு நாளைக்கு முன்னால், ‘நீதான் குடுத்திருக்க’ என்று ஒரே ஒரு வட்ஸ்அப் அனுப்பி, பதில் வருமுன் அவனைப் புளொக் பண்ணிவிட்டாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

“தம்பிக்கு இன்னைக்காவது ஒரு கோல் எடு புள்ள,” என்றாள் அம்மா சிசிலி, இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே. கொழுந்து எடுக்கக் கிளம்பும் அவசரம். “நேத்தும் எனக்கு எடுத்து அழுதான்.”

“அழட்டும்மா.”

“தவக்காலத்துல கூடப்பொறந்தவனோட மொகத்த முறிச்சிக்கிட்டு இருக்க. ஞாயித்துக்கிழம எந்த மொகத்தோட பூசைக்குப் போயி நன்ம வாங்குவ?”

“திருடுனவன் வாங்குறான்ல, நான் வாங்குனா என்ன?”

சிசிலி கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பதில் சொல்லாமல் போவதுதான் அவளுடைய பெரிய ஆயுதம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. டிலுக்ஷி போனை எடுத்து மிலானின் பாட்டை மறுபடியும் போட்டாள். புண்ணைத் தடவிப் பார்க்கிற மாதிரி, தினம் ஒருமுறையாவது போடுகிறாள். பாட்டு பாதி ஓடியிருக்கும், வாசலில் நிழல் விழுந்தது. விடிகாலை ஷிப்ட் முடிந்து அப்பா வந்திருந்தார்.

ஜோர்ஜ் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். உள்ளே வரவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார்.

“யாரு புள்ள நம்ம மூணாம் நம்பர பாட்டுல போட்டது?”

டிலுக்ஷி துள்ளி எழுந்தாள். இரண்டு இலட்சம் பேர் கேட்ட பாட்டு. அந்தத் தாளம் எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவளுடைய அப்பா.

பெக்டரியில் கொழுந்தை அரைத்து முறுக்குகிற ரோலர் நாலு இருக்கிறது. ஜோர்ஜ் இருபத்தேழு வருடமாக ரோலர்காரர். மூன்றாம் நம்பரில் அச்சைத் தாங்குகிற ஒரு புஷ் தேய்ந்துபோய், மூன்று சுற்றுக்கு ஒருமுறை அது கால் இடறும். டம், டம், ட-டக். வேலைக்காரர்கள் அதற்கு நொண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த நொண்டல்தான் டிலுக்ஷியின் பீட்டுக்கு உயிர். மிலான் தன் வரிகளை எல்லாம் அந்த இடறலில்தான் தூக்கி வைத்துப் பாடுகிறான்.

“இத எங்க புடிச்ச?” என்றார் ஜோர்ஜ்.

சந்தோஷம் வந்த வேகத்தில் ஓடிவிட்டது.

“ஜனவரில ஒங்களுக்குப் பகல் ஷிப்ட் இருந்திச்சில்ல. ஒரு நாளு நான் சோறு கொண்டு வந்தேன். அன்னைக்கு.”

“போன உள்ளுக்கு கொண்டு வந்தியா?”

“சோத்துப் பைல, துண்டுக்கு அடியில வச்சி...”

பெக்டரிக்குள் வளையல், மோதிரம், போன் எதுவும் போகக்கூடாது. வெளிநாட்டுக்குப் போகிற தேயிலை, அதற்கென்று சட்டம். மீறினால் எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் சேர்ந்தால் வீட்டுக்கு. ஜோர்ஜுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நவம்பரில், கழுத்தில் ஜெபமாலையோடு ரோலர் பக்கம் நின்றதற்கு வந்தது. திகதி, நேரம், ரோலரின் நம்பர் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, சீல் குத்திய கடிதம். அதை மாதா படத்துக்குப் பின்னால், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழோடு செருகி வைத்திருக்கிறார்கள்.

ஜோர்ஜ் கத்துகிற மனிதர் இல்லை. கோபம் வந்தால் தேத்தண்ணியைச் சீனி போடாமல் குடிப்பார். இப்போது அவரே கேத்தலை எடுத்து ஊற்றி, சீனிப் போத்தலைத் திரும்பியும் பார்க்காமல் குடித்தார்.

பாதிக் கோப்பையில் கேட்டார். “ஒன்னோடதுன்னா ஒன்னோடதுன்னு சொல்ல வேண்டியதுதானே அவனுங்ககிட்ட.”

“எழுதுனேன்ப்பா. ஆதாரம் காட்டுன்னு கேக்குறாங்க.”

“காட்டு.”

“எதக் காட்டுறது? நம்ம லெப்டொப்புக்கு உள்பெட்டரி செத்துப் போச்சி. எப்ப போட்டாலும் ரெண்டாயிரத்துப் பன்னெண்டு, ஜனவரி ஒன்னுன்னுதான் காட்டும். நான் செஞ்ச எல்லா பீட்டுலயும் அந்தத் திகதிதான் விழுந்திருக்கு. கடைக் கம்ப்யூட்டருக்குப் போட்டாலும் அதே திகதியத்தான் தூக்கிக்கிட்டுப் போகுது. அப்ப எனக்கு எட்டு வயசு. அனுப்புனா சிரிப்பாங்க.”

“போன்ல புடிச்சது?”

“போன்ல எடமில்லன்னு அழிச்சிட்டேன்.” டிலுக்ஷி தரையைப் பார்த்தாள். “தம்பிகிட்ட உள்ளத நான் போயி கேக்க மாட்டேன். மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்த ரோலருதான். அதுவும் பெக்டரிக்குள்ள இருக்கு.”

ஜோர்ஜ் கோப்பையைக் கீழே வைத்தார். “நாளைக்கு ஹட்டன்ல இருந்து மெஷின் திருத்துற பாஸ் வாறாரு. புஷ்ஷ மாத்திட்டா நொண்டி போயிரும்.”

“போகட்டும்ப்பா. நான் ஒன்னும் கேக்கப் போறதில்ல. ஒங்களுக்கு ரெண்டாவது லெட்டர் வாங்கிக் குடுத்துட்டு எனக்கு என்ன பேரு வேண்டியிருக்கு?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றதைக் கண்டிருப்பாள்.

கடையில் ஹலீம் நானாவின் மகள் பஸ்மிலா கம்ப்யூட்டருக்கு முன்னால் தயாராகக் காத்திருந்தாள்.

“டிலு, மிலான்ட ஆக்கள் பதில் போட்டிருக்காங்க. வாசிக்கவா?” டிலுக்ஷி தலையாட்டுமுன் வாசித்தும் விட்டாள். “‘சனிக்கிழமை இந்தப் பாட்டை எல்லாத் தளங்களிலும் வெளியிடுகிறோம். அதற்கு முன் ஆதாரம் காட்டினால் பீட் செய்தவர் என்று உங்கள் பெயரைப் போடுவோம். இல்லையென்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.’ மோசமாப் பேசல்ல. காட்டுறதுக்கு என்ன?”

டிலுக்ஷி எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம் என்ற இடம் வந்ததும் பஸ்மிலா எழுந்து கம்ப்யூட்டரை அவளிடம் விட்டாள். அப்பாவின் வேலைக்கு மேலாக ஒரு பாட்டை வைக்கச் சொல்ல யாருக்கு மனது வரும்?

‘என்னிடம் ஆதாரம் இல்லை. இனி எழுதமாட்டேன்’ என்று டிலுக்ஷி தட்டச்சு செய்தாள். அனுப்புகிற பட்டனுக்கு மேலே விரல் போனது. போனது போனபடி நின்றது.

“புள்ள, இந்த அடையாள அட்டைக்கி ரெண்டு கொப்பி எடுங்க!” என்று முன்னாலிருந்து ஹலீம் நானா குரல் கொடுத்தார். எழுந்து போனாள். கடையில் கூட்டம் கூடிவிட்டது. அனுப்பாத அந்த இரண்டு வரியும் திரையிலேயே கிடந்தன.

பகல் நிறுவையின்போது கொழுந்து மடுவக் கொட்டகையில் ஆம்பிளைகள் வந்து நிற்கிற வழக்கம் இல்லை. ஆகவே ஜோர்ஜ் வந்து தூணுக்குப் பக்கத்தில் நின்றபோது, வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

“சிசிலி, ஒன்னோட வீட்டுக்காரரு வந்திருக்காரு. கொழுந்து நிறுக்கவா, ஒன்னைய நிறுக்கவா?” என்றாள் அழகம்மா.

சிசிலி கூடையைத் தராசில் கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். “என்னங்க? தம்பிக்கு ஏதுமா?”

“தம்பிக்கு ஒன்னும் இல்ல. இங்க வா.”

தூணுக்குப் பின்னால் நிற்க வைத்து நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்தபின்னும் அவர் போகவில்லை. துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“இருவத்தேழு வருசமா அந்தச் சத்தத்தக் கேக்குறேன் சிசிலி. வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுல ஓடும். தலவலின்னுதான் நெனச்சேன். இவ அதுல போயி ஒரு பாட்டக் கண்டுபுடிச்சிருக்கா. நல்லா இருக்கு. நெஜமாவே நல்லா இருக்கு.” துண்டை மறுபடி மடித்தார். “அதுக்கு எவனோ பேரு போட்டுக்கிறான்.”

“அப்ப டீமேக்கர் ஐயாகிட்ட போயி சொல்லுங்க. நாளைக்கு மாத்துறதுக்கு முன்னுக்கு ஒருக்கா அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கிடட்டும்.”

“சொன்னா, முந்தி போன் கொண்டுவந்தத சொல்லணும். ரெண்டாவது லெட்டர் வரும்.”

“பயமா இருக்கா?”

“இருக்கு,” என்றார் ஜோர்ஜ். மனைவியிடம் மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

“எனக்கும் இருக்கு. இருங்க, வாறேன். ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம்.”

கங்காணியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, படங்கோடும் தலைத்துண்டோடும் சிசிலி புருஷனுக்கு முன்னால் நடந்தாள். மடுவமே வாயைப் பிளந்து பார்த்தது.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் விஜிதரன் இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர். நவம்பர்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஜோர்ஜ் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

“எந்த நாளு?”

“திகதி ஞாபகம் இல்லீங்க ஐயா. ஜனவரி.”

விஜிதரன் மணியடித்தார். கேட் காவல்காரர் இராமையா வருகைப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். விஜிதரன் அதில் விரலை வைத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார்.

“ஜனவரி ஒன்பது. பன்னெண்டு இருவது. டிலுக்ஷி, ஆறாம் லயம். தகப்பனுக்குச் சோறு. கையெழுத்து இருக்கு.” நிமிர்ந்து பார்த்தார். “சோறுன்னு எழுதிட்டுப் போனக் கொண்டு போயிருக்கா.”

“சோறும் கொண்டு வந்திச்சிங்க ஐயா,” என்றாள் சிசிலி.

விஜிதரனின் மீசை ஒரு கணம் துடித்தது. அது சிரிப்பா என்று சொல்ல முடியாது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது குரல் சற்று இறங்கியிருந்தது.

“இங்க பாருங்க ஜோர்ஜ். நீங்களா வந்து சொன்னீங்க. ஜனவரி மாசத்துக் கத. இந்தத் தடவ வாயால சொல்லி விடுறேன். இனி நடக்கக்கூடாது. போங்க.”

சிசிலி கையெடுத்துக் கும்பிட்டாள். தப்பித்தோம் என்று அவள் முகமெல்லாம் வெளிச்சம்.

ஜோர்ஜ் நகரவில்லை. அவருடைய கண் மேசைமேல் விரிந்து கிடந்த புத்தகத்தில் இருந்தது. ஜனவரி ஒன்பது. மகளின் கையெழுத்து. அடுத்த கணம் அவருக்கு நவம்பர்க் கடிதம் நினைவுக்கு வந்தது. திகதி, நேரம், ரோலரின் நம்பர், கீழே சீல்.

“ஐயா,” என்றார். “எழுத்துல குடுங்க.”

“என்ன?”

“லெட்டரு. ஜனவரி ஒம்போதாந் திகதி எம்மக இந்த பெக்டரிக்குள்ள வந்து மூணாம் நம்பர் ரோலர் சத்தத்தப் போன்ல புடிச்சிச்சின்னு, தப்பு செஞ்சிச்சின்னு, எழுதி சீல் வச்சி குடுங்க.”

“என்னங்க!” என்று சிசிலி அவர் கையைப் பிடித்தாள்.

“அது கைல இருந்தா போதும் சிசிலி. மாசிலதான் அந்தப் பாட்டு வந்திச்சி. அதுக்கு முன்னுக்கே இவதான் புடிச்சான்னு ஐயாவே சொன்ன மாதிரி ஆயிரும். யாரு இல்லன்னு சொல்ல முடியும்?”

விஜிதரன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“லெட்டர் வேணாம்னு கால்ல விழுந்தவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்,” என்றார் விஜிதரன் மெதுவாக. “வேணும்னு கேக்குற ஆள இப்பதான் பாக்குறேன். இது ரெண்டாவது ஜோர்ஜ். பைல்ல போகும். நான் மாறிப் போனாலும் பைல் போகாது.”

“தெரியும் ஐயா. இன்னும் மூணு வருசந்தான் எனக்கு வேல. ஜெபமாலைய வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்து, தல குனிஞ்சி வேல செஞ்சிக்கிறேன்.”

விஜிதரன் பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிமிர்ந்து, “அந்தப் பாட்ட ஒருக்கா போடுங்க,” என்றார். சிசிலியின் போனில் தேடிப் போட்டார்கள். ட-டக் என்று முதல் இடறல் வந்தபோது, டீமேக்கரின் பேனா மேசையில் தானாக ஒரு தட்டுத் தட்டியது. இதைச் சிசிலி கண்டாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“மூணு மணிக்கு ரோலர் எல்லாம் கழுவி முடியும். மூணாம் நம்பர வெறுமனே ஒரு அஞ்சு நிமிசம் ஓட விடச் சொல்றேன். கொழுந்து இல்லாத நேரம். தொப்பி போட்டுக்கிட்டு, போன நான் அனுமதிச்சேன்னு புத்தகத்துல எழுதிட்டு, மக வரட்டும். லெட்டரையும் அப்பவே வாங்கிக்குங்க.”

கடையில் டிலுக்ஷியின் போன் அடித்தபோது மணி ஒன்றரை.

“மூணு மணிக்கு பெக்டரிக்கு வா,” என்றார் அப்பா. “போன கொண்டுகிட்டு வா.”

அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டார். பஸ்மிலா அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் திரீவீல் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

வாசலில் இராமையா புத்தகத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள். ‘போன், அனுமதியுடன்’ என்று அவரே பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கழுவிய தரையில் தண்ணீர் பளபளத்தது. அப்பா மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நிற்கிற மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தார்.

டிலுக்ஷி போனை உயர்த்திப் பிடித்தாள். சுவிட்ச் விழுந்தது. பெரிய பித்தளைத் தட்டு அசைந்து, தயங்கி, சுழலத் தொடங்கியது. டம், டம்.

மகள் இன்னும் வீடியோவைத் தொடங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேலாக ஜோர்ஜ் கத்தினார்.

“டிலு! ஓடுது புள்ள!”

ட-டக் என்றது நொண்டி, சரியாக அவர் வாயை மூடிய இடத்தில்.

ஐந்து நிமிடம் முடிந்து வெளியே வந்தபின்தான் கடிதத்தை அவள் கையில் கொடுத்தார். வாசித்தாள். ‘கடந்த 09.01 அன்று பகல் 12.20 அளவில் தங்கள் மகள் டிலுக்ஷி இத்தொழிற்சாலையினுள் அனுமதியின்றித் தொலைபேசியைக் கொண்டுவந்து, மூன்றாம் இலக்க ரோலரின் ஓசையைப் பதிவு செய்தமை எமது வருகைப் புத்தகம் மற்றும் தங்கள் வாக்குமூலம் மூலம் உறுதியாகின்றது. இது தங்களுக்கு வழங்கப்படும் இரண்டாவது எச்சரிக்கையாகும்.’

“ஏன்ப்பா இப்படி செஞ்சீங்க?” அவள் அழுதுகொண்டே சண்டை போட்டாள். “நான் வேணாம்னுதானே சொன்னேன்!”

“எட்டு நாளா ஒன்னோட மொகத்தப் பாக்க முடியல,” என்றார் ஜோர்ஜ். “வீட்டுக்குப் போயி தேத்தண்ணி ஊத்து. சீனி போட்டு ஊத்து.”

அனுப்பாமல் கிடந்த அந்த இரண்டு வரியைப் பஸ்மிலாவிடம் சொல்லி அழிக்கச் செய்தாள். அதற்குப் பதிலாகக் கடிதத்தின் படமும், ரோலரின் வீடியோவும் போயின.

மாலை ஆறரைக்குப் பதில் வந்தது. அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். டிலுக்ஷி சத்தமாக வாசித்தாள்.

“‘கடிதம் கிடைத்தது. இப்படி ஒரு ஆதாரத்தை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. இன்றிரவே உங்கள் பெயரைச் சேர்க்கிறோம். சனிக்கிழமை வெளியீட்டிலும் வரும். அடுத்த பாட்டுக்கு உங்களிடமே பீட் கேட்க வேண்டும் என்று மிலான் சொல்கிறார்.’”

சிசிலி மாவுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள். ஜோர்ஜ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்குச் சாப்பிட வராது.

செய்தி அதோடு முடியவில்லை. ‘நாங்கள் திருடவில்லை என்பதையும் நீங்கள் நம்ப வேண்டும். ஒருவர் தன்னுடையது என்று சொல்லிப் பெண்ட்ரைவில் கொண்டுவந்து தந்தார். நாங்கள் பிரதி எடுத்தபோது இருந்தபடி அனுப்புகிறோம்.’ கூடவே ஒரு படம். அதில் ஒரு போல்டர். போல்டரின் பெயர், ‘தவக்காலப் பாடல்கள்’.

டிலுக்ஷி கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

தம்பிக்கு அவள் அனுப்பியது ஒரே ஒரு பீட். போனுக்கு நேராக. இந்தப் போல்டர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அப்படியென்றால் எட்டு நாளாக, கொழும்பில் ஒரு பையன் செய்யாத குற்றத்துக்கு அழுதுகொண்டிருக்கிறான். புளொக்கை எடுத்துவிட்டாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வீடியோவில் இருந்து அப்பாவின் குரலையும் அந்த ஒரு இடறலையும் மட்டும் வெட்டி அனுப்பினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

“அக்கா, அது அப்பாவா?”

“அப்பாதான்டா. இனி நான் செய்ற எல்லா பீட்டுலயும் மொதல்ல இதுதான் வரும். எவன் தூக்குனாலும் அப்பாவையும் சேத்துத்தான் தூக்கணும்.”

ஜெரோஷன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. “நான் குடுக்கலக்கா.”

“தெரியும்டா. இப்பதான் தெரியும். கடை கம்ப்யூட்டர்ல கோயில் பாட்டுன்னு பேர் வச்சி ஒளிச்சிருந்தேன். அப்படியே போல்டரோட போயிருக்கு.”

“கோயில் பாட்டுன்னா? தவக்காலத்துலயா ஒளிச்ச? யாராச்சும் வந்து பாட்டு கேட்டாங்களா?”

டிலுக்ஷிக்கு அப்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்று கடையில் நிற்க இடமில்லை. போட்டோக் கொப்பிக்கு ஒரு வரிசை, போன் ரீலோடுக்கு ஒரு வரிசை. நடுவில் ஒரு கை சிவப்புப் பெண்ட்ரைவை நீட்டியது. ‘தவக்காலப் பாட்டு இருந்தா போட்டுத் தாங்க.’ முகத்தை அவள் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் பெயரைக் கண்டாள், அழுத்தினாள், பெண்ட்ரைவைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த ஆளிடம், ‘ஒங்களுக்கு என்னங்க?’ என்று கேட்டாள்.

“அக்கா? லைன்ல இருக்கியா? யாரு குடுத்தது?”

“நான்தான்டா,” என்றாள் டிலுக்ஷி. “நானே எங்கையால குடுத்திருக்கேன்.”



“அப்பாவுக்கு டீமேக்கர் லெட்டர் குடுத்தாருன்னு அம்மா சொல்லிச்சி,” என்றான் ஜெரோஷன். “என்னைய புளொக் பண்ணுனதுக்கு ஒனக்கு யாரு லெட்டர் குடுக்குறது?”

“நானே எழுதி, நானே சைன் வச்சி அனுப்புறேன்டா தம்பி.”

“சீலும் வேணும்.”

“ஹலீம் நானா கடை சீல் வச்சி தாறேன்.”

உள்ளேயிருந்து சிசிலி போனைப் பறிக்க வந்தாள். அவள் பேசி முடிக்கட்டும் என்று டிலுக்ஷி கொப்பியில் இரண்டு தாள் கிழித்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தாள். முதல் தாளில் திகதியும் நேரமும் போட்டு, ‘என் தம்பி ஜெரோஷன் எந்தத் தவறும் செய்யவில்லை என்பது உறுதியாகின்றது’ என்று எழுதினாள். எழுதும்போது கண் கலங்கியது. ஆனாலும் சிரிப்பும் வந்தது.

இரண்டாவது தாளில், மறந்துபோகுமுன் நினைவுக்கு வந்ததையெல்லாம் குறித்தாள். சிவப்புப் பெண்ட்ரைவ். மாதா படம் போட்ட சாவி வளையம். இடது கை. மணிக்கட்டில், அவர்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவுக்குப் சென்ற நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுத்த அதே நீலப் பட்டி.